பெர்டனை விட்டு வந்த கணவாய்

நவம்பர் 3, திங்கள்

ஆக்ஸிஜன் காலை 95, மாலை 94. மூச்சு நிமிடத்துக்கு 22. சளி இல்லை.

டாக்டர் நவமணி இந்த நோட்டில் எண்களை மட்டும்தான் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். மிச்சப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. காலி இடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

ஜோவினுக்கு இருபத்தாறு வயது. தசைச் சிதைவு நோய். பதினோரு வயதில் கால் போனது, இருபதில் கை போனது. இப்போது கழுத்துக்கு மேலே இருப்பதும் குரலும்தான் அவனுடையவை. பகலில் பாதி நேரமும் இரவு முழுக்கவும் முகத்தில் பைபாப் முகமூடி. அந்த மெஷின்தான் அவனுக்குக் காற்றை உள்ளே தள்ளுகிறது. நான் அவனுடைய அக்கா டெல்மா, முப்பத்து நான்கு, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அப்பா இல்லை. இதுதான் வீடு.

போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அடுத்த தடவை மூச்சு நின்றால் தொண்டைக்குள் குழாய் போடவா, வேண்டாமா? போட்டால் பிறகு கழுத்தில் துளை, வாழ்நாள் முழுக்க மெஷின், பேச்சு போய்விடும். போடாவிட்டால் அன்றோடு முடிந்தது. "தம்பிகிட்டயும் பேசிட்டு எழுதித் தாங்கம்மா" என்று ஒரு தாளைக் கொடுத்தார். தாள் என் கைப்பையில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. ஜோவினிடம் பேச நேரம் வாய்க்கவில்லை.

இன்று அவனுக்குத் திருநாள். தார்ன்வெல் ஏழாம் பாகம் இரண்டு நாளாக நெட்டிலிருந்து இறங்கி, காலையில் முடிந்தது. பத்து வயதிலிருந்து அவன் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு வீரனை ஊர் ஊராக நடத்திக்கொண்டு போக வேண்டும். எவனை நம்புவது, எவனை வெட்டுவது என்று வழியெல்லாம் முடிவெடுக்க வேண்டும். அவன் சொல்வான், நான் பொத்தானை அழுத்துவேன். ஆறு வருடமாக அவனுக்கு நான்தான் கை.

தொடங்கியதும் திரை ஒரு கேள்வி கேட்டது. பழைய பாகங்களில் நீங்கள் எடுத்த முடிவுகளை இதற்குள் கொண்டுவரலாமா?

"வேண்டாம்லே, புதுசா ஆரம்பிப்பம்" என்றேன்.

"லூசாக்கா நீ? அதுக்குத்தான பைலெல்லாம் பென்டிரைவ்ல வச்சிருக்கேன். நாலு, அஞ்சு, ஆறு, மூணு பைலையும் ஏத்து."

ஏற்றினேன். நான்காம் பாகத்து பைல் ஏறும்போது பச்சைக் கோடு நின்று நின்று போனது. கெட்டுப்போயிருந்தால் தேவலை என்று நினைத்தேன். ஏறிவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

95, 94. முகமூடியின் வடிகட்டியைக் கழுவிக் கொடியில் போட்டேன். மழை. காயவில்லை. மின்விசிறிக்கு அடியில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 6, வியாழன்

95. மாலை 88 வரை இறங்கி 93க்கு வந்தது. காரணம் ஒரு கோழி.

முதல் பாகத்தில் ஒரு கிராமத்துக் கிணற்றுச் சுவருக்குள் பாதி உடம்பு மாட்டிக்கொண்டு ஒரு கோழி கிடந்ததாம். விளையாட்டைச் செய்தவர்களின் தவறு, யாரும் திருத்தவில்லை. இன்று ஏழாம் பாகத்தில் அதே கிராமத்துக்குப் போனோம். கிணற்றடியில் பாதிக் கோழிக்கு வெண்கலச் சிலை. கீழே கல்லில், 'இவர் முன்னேறவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை' என்று வெட்டியிருக்கிறது.

ஜோவின் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது, கண்ணில் நீர் வரும், உதடு நீலமாகும். முகமூடியைத் தூக்கி மாட்டினேன். அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏட்டி, அவனச் சிரிக்க வைக்காதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்!"

"கோழிம்மா" என்றான் முகமூடிக்குள்ளிருந்து. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவனுக்குக் கோழிக்குழம்பு கேட்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனாள். நாளைக்கு வாங்கி அரைத்துக் கொடுப்பாள்.

நவம்பர் 9, ஞாயிறு

94, 93. அம்மா முதல் பூசைக்குப் போன நேரத்தில் அவனுக்கு முதுகு துடைத்தேன். இடது இடுப்பில் சிவப்பு. இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்.

ஏழாம் பாகம் முழுக்க இந்த மாதிரி பழைய பாகங்களின் சாடை. இரண்டாம் பாகத்தில் நாங்கள் எரித்த பாலத்தின் கரி படிந்த தூண்களில் இப்போது மீன்வலை காய்கிறது. மூன்றில் ஏமாற்றிய வியாபாரியின் பேரன் அதே முகத்தோடு அதே அழுகல் ஆப்பிளை விற்கிறான். தெரியாதவன் பார்த்தால் அது வெறும் ஆப்பிள். ஜோவின் ஒவ்வொன்றையும் மோப்பம் பிடித்து "அங்கன நில்லு, அங்கன நில்லு" என்கிறான்.

"இதுல அப்படி என்னலே இருக்கு?" என்று கேட்டேன்.

"நாம செஞ்சதெல்லாம் எங்கயோ ஒருத்தன் ஞாபகம் வச்சிருக்காம்லா."

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு அவனைத் தெரிந்தவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும்.

அவன் எல்லாவற்றையும்விடக் காத்திருப்பது பெர்டனுக்கு. நான்காம் பாகத்தில் வரும் கால் ஊனமான சிப்பாய், ஊன்றுகோலோடு கூடவே வருவான். கடைசியில் பனிக் கணவாய் ஒன்றைத் தாண்ட வேண்டும். பெர்டனால் நடக்க முடியாது. அவனைத் தூக்கிக்கொண்டு போகலாம், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போகலாம்.

"தூக்கிட்டு வந்தவங்களுக்கு மட்டும் ஒண்ணு வச்சிருக்கானாம், நெட்ல போட்டிருக்கான். வடக்க ஒரு சத்திரம். அங்க பெர்டன் கெழவனா உக்காந்திருப்பான். நம்மளப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு அவன் போர்வையக் கொடுப்பான்."

அந்தக் கணவாயை நாங்கள் தாண்டியது இரண்டு வருடத்துக்கு முன். அப்போது ஜோவின் நிமோனியாவோடு ஐசியூவில் கிடந்தான். "யக்கா, முடிச்சு வச்சிரு. பெர்டனத் தூக்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னான். வீட்டில் தனியாக உட்கார்ந்து நான்தான் முடித்தேன். தாண்டியாச்சு என்று சொன்னேன். ஐந்தும் ஆறும் வேறு தேசத்தில் நடந்த கதைகள். பெர்டன் பேச்சே வரவில்லை.

நவம்பர் 12, புதன்

94, 93.

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பர் வேலை இருந்தது, முடிந்தது. இரண்டு இடத்தில் கையெழுத்து. 'நோயாளியிடம் பேசப்பட்டதா' என்ற கட்டத்தில் ஒரு டிக். டாக்டர் இல்லை, கவுண்டரில் இருந்த பெண் முத்திரை குத்திக் கோப்பில் வைத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது டயாப்பர், வாய் துடைக்கும் மருந்து, அம்மாவுக்கு முழங்கால் தைலம், கால் கிலோ மக்ரூன். ஜோவினுக்கு மெல்ல வராது. ஆனால் மக்ரூனை நாக்கில் வைத்தால் தானாகக் கரைந்துவிடும். மூன்று தின்றான்.

"எதுக்குக்கா லீவு?"

இன்ஷூரன்ஸ் என்றேன்.

நவம்பர் 15, சனி

93, 93. மூச்சு 26.

மழை விடவில்லை. நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் தாங்கியது. விளையாட்டு கிடையாது, மெஷினுக்கு மட்டும்தான் மின்சாரம்.

அத்தை போன் செய்தாள். வீரபாண்டியன்பட்டணத்து மாப்பிள்ளை வீட்டார் என் இரத்தத்தைப் பரிசோதித்துக் காட்டச் சொல்கிறார்களாம். இந்த நோய் அம்மா வழியில் வருவது, எனக்குள்ளும் இருக்கலாம். நியாயமான கேள்விதான். போனை வைத்துவிட்டு, கையிலிருந்த குடத்தை நங்கென்று வைத்தேன். அம்மா என்னவென்று கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சோறு வடித்தேன், ஜோவினைப் புரட்டினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

92, 91.

விளையாட்டில் மூன்று நாளாக நான் வடக்கே போகவில்லை. காணாமல்போன ஆட்டைத் தேடினேன். ஒரு விதவைக்குக் கூரை வேய்ந்து கொடுத்தேன். ஆற்றங்கரை முழுக்க மூலிகை பறித்தேன்.

"யக்கா, நமக்கு அவ்வளவு நேரமா கெடக்கு?" என்றான்.

சாதாரணமாகத்தான் கேட்டான். மூலிகையை அப்படியே விட்டுவிட்டு வடக்கே திருப்பினேன்.

நவம்பர் 21, வெள்ளி

காலை 92. மாலை பார்க்கவில்லை.

சத்திரத்துக்கு வந்துவிட்டோம். மாலை ஆறு மணி. அவன் முகமூடியைக் கழற்றச் சொன்னான். பெர்டனை முகமூடியோடு பார்க்கக் கூடாதாம். கழற்றினேன்.

கதவைத் திறந்தேன். கணப்பு எரிகிறது. பெர்டன் இல்லை. சுவரில் ஒரு ஊன்றுகோல் தொங்குகிறது. அடியில் ஒரு பெண் நின்று பாத்திரம் துடைக்கிறாள். எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பேசினாள். அந்தப் பனிக்காலத்தில் கணவாயைத் தனியாகத் தாண்டி வந்தவர் நீங்கள்தானே. என் அப்பாவின் கோலை வசந்தத்தில் ஆட்டிடையர்கள் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு இங்கே இடம் இல்லை என்றாள்.

"பைல் சரியா ஏறல" என்றான் ஜோவின். "கேம் செஞ்சவன்தான் தப்பா வச்சிருக்கான். நாலாம் பாகத்தத் தொற. கடைசி சேவ்வ எடு, பாப்பம்."

"இப்ப எதுக்குலே."

"தொறக்கா."

என் கை கண்ட்ரோலரில் இருந்தது. அவன் கையில் இருந்திருந்தால் அவனே திறந்திருப்பான். நான் நகரவில்லை. அவன் தலையைத் திருப்ப முடியாது, கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டினான்.

"மூணு மட்டம் தூக்கிட்டுப் போனேன்" என்றேன். "மூணு மட்டமும் பாதி வழியில ரெண்டு பேரும் வெறச்சுச் செத்துட்டாவ. நாலாவது மட்டம் விட்டுட்டுப் போனேன். அதையே சேவ் பண்ணிட்டேன், பழசு அழிஞ்சு போச்சு. மன்னிச்சிருலே."

முகமூடி இல்லாமலே பேசினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு.

"அவன் கோல ஒடச்சு நெருப்பு மூட்டணும். அதான் வழி. மொத நாளே தெரியும் எனக்கு."

"எனக்குத் தெரியாதுல்லா."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா. ஐசியூலதான் இருந்தேன். செத்தா போயிருந்தேன்?"

முகமூடியை மாட்டிவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். அம்மா தோசைக்குத் தொட்டுக்கொள்ள என்ன வேண்டும் என்று கேட்டாள். எதையாவது வை என்று கத்தினேன்.

நவம்பர் 22, சனி

91, 91. என்னோடு பேசவில்லை. புரட்டும்போது "அம்மாவக் கூப்பிடு" என்றான். அம்மாவால் புரட்ட முடியாது என்று அவனுக்கும் தெரியும்.

நவம்பர் 24, திங்கள்

90, 90. மூச்சு 28. டாக்டருக்கு எண்களை அனுப்பினேன். புதன் வரை பார்ப்போம், 88க்குக் கீழே போனால் உடனே கொண்டுவாருங்கள் என்றார்.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். ஐந்து வாரமாகக் கேட்காததைக் கேட்டேன். குழாய், துளை, மெஷின், பேச்சு போவது, எல்லாவற்றையும் டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

"போடச் சொல்லு" என்றான். யோசிக்கக்கூட இல்லை.

"பேச முடியாதுலே."

"இப்ப என்ன மேடையிலயா பேசுதேன்?"

"வெளிய எங்கயும் போக முடியாது."

"இப்ப போறனா?"

"வலிக்கும் ஜோவின். நாள் பூரா சளி எடுக்கணும். கழுத்துல ஓட்டையோட வருசக்கணக்கா…"

"எட்டாம் பாகம் வரும்லா" என்றான். பிறகு முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "எனக்கு இருக்கணும்க்கா. எப்படின்னாலும் இருக்கணும்."

நான் இவ்வளவு நாளும் எதிர்ப் பதிலைத்தான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்தேனா, ஆசைப்பட்டேனா என்று இப்போது தெரியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால், 'போதும்' என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் இடத்தில் அவன்தான் இருக்கிறான்.

"ஒனக்கு முடியலியாக்கா?" என்று கேட்டான்.

"சீ, என்ன பேச்சு பேசுத" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"ஏற்கெனவே எதையாவது எழுதிக் குடுத்துட்டியா?"

"இல்ல" என்றேன்.

நவம்பர் 25, செவ்வாய்

90. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தாளைத் திரும்ப வாங்கலாம் என்று கிளம்பினேன். முதலாளி போன் செய்தார். முந்திரிக் கொட்டை கண்டெய்னர் இரண்டு மாட்டிக்கொண்டது, நான் வராமல் ஆகாது. நாளை.

நவம்பர் 26, புதன்

90, 89. எங்கள் பிரையண்ட் நகர் முழுக்கத் தண்ணீர், முழங்கால் அளவு. பஸ் இல்லை. போன் செய்தேன், கவுண்டரில் நேரில்தான் வர வேண்டும் என்றார்கள். டாக்டர் எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். எழுதி எழுதி அழித்தேன். 'நான் பொய் டிக் போட்டுவிட்டேன்' என்பதை எப்படி எழுதுவது.

இன்று அவன் என்னோடு விளையாடினான். சத்திரத்துக்குள் போகவில்லை. வாசலைச் சுற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகச் சொன்னான். போனோம்.

நவம்பர் 27, வியாழன்

89. நாளை கட்டாயம்.

டிசம்பர் 2, செவ்வாய்

எண்களை இப்போது ஆஸ்பத்திரி எழுதிக்கொள்கிறது. ஐசியூவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு அம்மா அலுவலகத்துக்கு போன் செய்தாள். கஞ்சி புரையேறிவிட்டது. "ஏட்டி, எம்புள்ள கறுத்துப் போறாம்ட்டி" என்று அலறினாள். ஆம்புலன்ஸ் தண்ணீருக்குள் ஊர்ந்து வந்தது. நான் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினேன். விரலில் மாட்டிய கருவி 71 காட்டியது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான்.

அம்மாவைப் பதிவு செய்யும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், ஜோவினை முன்பின் பார்க்காதவர். நர்ஸ் கோப்பைக் கொண்டுவந்து திறந்ததும் அவருடைய கை நின்றது.

"குழாய் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா. பேஷண்ட்டும் சம்மதம்னு போட்டிருக்கு."

கட்டிலில் இருந்து இரண்டடி தூரத்தில் நின்றுதான் சொன்னார். ஜோவினின் கண் என்மேலேயே இருந்தது.

"அது பொய் சார்" என்றேன். "நான் அவன்ட்ட கேக்காமப் போட்டது. அவனுக்கு வேணும். போடுங்க, சார், போடுங்க."

"எழுத்துல வேணும்மா."

"எழுதித் தாரேன், மொதல்ல போடுங்க! அவன்ட்டயே கேளுங்க!"

அவர் குனிந்து அவன் காதருகே கேட்டார். குழாய் வேண்டுமென்றால் கண்ணை மூடித் திற தம்பி என்றார். ஜோவின் மூடித் திறந்தான். மறுபடி மூடித் திறந்தான். நிறுத்தவே இல்லை, திரும்பத் திரும்ப மூடித் திறந்துகொண்டே இருந்தான். நர்ஸ் என்னை வெளியே தள்ளினாள். ஒரு தாளைக் கொடுத்தார்கள். சுவரில் வைத்து எழுதினேன். பேனா எழுதவில்லை, வேறு பேனா கொடுத்தார்கள்.

குழாய் போட்டாயிற்று. உயிர் இருக்கிறது. கோப்பு, கேள்வி, பேனா என்று நான்கு நிமிடம் போனது என்று கடிகாரத்தைப் பார்த்ததால் தெரியும். அந்த நான்கு நிமிடத்தை யாருக்கும் சொல்லவில்லை. அம்மா என் கையைப் பிடித்து, "நீ மட்டும் இல்லன்னா எம்புள்ள போயிருப்பான்" என்றாள்.

ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிழைத்துவிட்டான் என்ற சந்தோஷம் மட்டும் என்றால் அது பொய். இனி எத்தனை வருடம் என்றும் கணக்குப் போட்டேன். இதையும் எழுதிவைக்கிறேன், எங்காவது ஒரு இடத்திலாவது உண்மை இருக்கட்டும்.

டிசம்பர் 8, திங்கள்

கழுத்தில் துளை போட்டார்கள். நன்றாக இருக்கிறான் என்கிறார்கள். துளை வழியாகச் சளி எடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குழாயை உள்ளே விட்டு, பத்து விநாடிக்குள் உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியும் அவனுக்கு மூச்சு இருக்காது. நான் வாய்க்குள் எண்ணுகிறேன். அம்மாவால் பார்க்க முடியவில்லை, வெளியே போய்விடுகிறாள்.

டிசம்பர் 13, சனி

96, 97. மெஷின் தரும் எண்.

காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுத்துகளை வரிசையாக எழுதி எடுத்துப் போனேன். நான் வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போக வேண்டும், அவன் கண்ணை மூடித் திறந்தால் அந்த எழுத்து. இல்லை என்றால் மேலே பார்ப்பான். வீட்டில் ஒத்திகை பார்த்தேன். என்ன சொல்வான் என்றும் யோசித்துப் பார்த்தேன். துரோகி என்பான், போ என்பான். எது என்றாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் ஜெபமாலையோடு இருந்தாள்.

முதல் எழுத்து அ. அடுத்தது ம். அடுத்தது மா.

"ஏய்யா, என்னையத் தேடுதியா ராசா?" என்று அம்மா எழுந்தாள்.

ஜோவின் மேலே பார்த்தான். இல்லை.

அம்மாவுக்கு ஏமாற்றம். தாகமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, உதட்டை நனைக்கப் பஞ்சு வாங்கிவர நர்ஸிடம் போனாள். அவள் கதவைத் தாண்டும்வரை அவன் அட்டையைப் பார்க்கவே இல்லை. பிறகு கண்ணை அட்டைக்குக் கொண்டுவந்தான். நான் விரலை ஓட்டினேன். ட். ட. இரண்டு தடவை தவறான வரிசைக்குப் போய்த் திரும்பினேன். சொ. ல். லா. அவன் நெற்றி வியர்த்திருந்தது. போதும், புரிந்துவிட்டது என்றேன். அவன் மேலே பார்த்தான். முடிக்க வேண்டுமாம். த.

அம்மாட்ட சொல்லாத.

அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். "சொல்ல மாட்டேன்" என்றேன். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

அம்மா பஞ்சோடு வந்து, "என்னட்டி சொன்னான்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, சளி எடுக்கணுமாம்" என்றேன். கையுறையை மாட்டிக்கொண்டேன். அம்மா வெளியே போனாள். நான் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.